இது சும்மா டென்ஷனா இல்ல ஆங்சைட்டி டிஸார்டரா? எங்க கோடு போடுறது?

அரைத்தூக்கம்:

ரொம்ப நாளா கேக்கணும்னு டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சுட்டே இருந்தேன், இன்னைக்கு கேட்டுடறேன். நான் சின்ன வயசுலேருந்தே டென்ஷன் பார்ட்டிதான். பரீட்சைன்னா வயித்துல புளியக் கரைக்கும், இன்டர்வியூன்னா நாக்கு ஒட்டிக்கும், எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு நானும் பெருசா எடுத்துக்கல. ஆனா இந்த வருஷம் வேற மாதிரி போயிட்டு இருக்கு. ஆபீஸ்ல ரிவ்யூ மீட்டிங்னா முதல் நாள் தூக்கம் போகும், அது ஓகே. மீட்டிங் நல்லபடியா முடியும். முடிஞ்சா அப்பாடான்னு இருக்கணும்ல? இருக்காது. சாயங்காலத்துக்குள்ள மனசு அடுத்ததப் பிடிச்சுக்கும். மேனேஜர் மெசேஜ் மொட்டையா இருக்கே கோவமோ, அம்மா ஃபோன் எடுக்கலையே ஏதாவது ஆயிடுச்சோ, தலை வலிக்குதே உள்ள கட்டி கிட்டி இருக்குமோ, இப்டி ஒண்ணு போனா இன்னொண்ணு ரெடியா நிக்குது. தோள்பட்டை எப்பவும் இறுகிப்போய் இருக்கு, ராத்திரி பல்லக் கடிக்கறேன்னு வீட்டுக்காரர் சொல்றார்.

வீட்ல சொன்னா "உனக்கு என்ன குறை, சும்மா யோசிச்சு யோசிச்சு உடம்பக் கெடுத்துக்கற"ங்கறாங்க. ரீல்ஸ் பார்த்தா அதுல சொல்ற எல்லா வியாதியும் எனக்கு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல உண்மை எங்கன்னு தெரியல. இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போனா சிரிப்பாங்களான்னு வேற ஒரு பயம் (ஆமா, அதுக்கும் பயம்தான்). விஷயம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ், சாதாரண படபடப்பு எங்க முடியுது, வியாதி எங்க ஆரம்பிக்குது?

நேர்வழி:

எல்லாருக்கும் இருக்கறதுதான் சிஸ். வேலை, வீடு, இஎம்ஐன்னு யாருக்குத்தான் டென்ஷன் இல்ல. ஃபோன ஓரமா வச்சுட்டு டெய்லி வாக்கிங் போங்க, ரீல்ஸ அன்இன்ஸ்டால் பண்ணுங்க, பாதி சரியாயிடும். இதுக்கெல்லாம் டிஸார்டர்னு பேர் வச்சா அப்புறம் யாருமே நார்மல் கிடையாது.

மேடைப்பூனை:

நேர்வழி சொல்றதுல பாதிய நான் ஒத்துக்கறேன், மீதிக்கு அப்புறம் வர்றேன். நான் மேடையில வாசிக்கிறவன், வருஷக்கணக்கா வாசிக்கிறேன், இன்னைக்கு வரைக்கும் திரை தூக்கறதுக்கு முன்னாடி கை சில்லுன்னு ஆகும், பாத்ரூம் போயிட்டு வந்த அஞ்சு நிமிஷத்துல மறுபடி போகணும்னு இருக்கும். ரெண்டு உருப்படி வாசிச்சதும் எங்க போச்சுன்னே தெரியாது. இது வியாதி இல்ல, இது இல்லாம போன அன்னைக்குத்தான் வாசிப்பு சப்புன்னு இருந்திருக்கு. யெர்க்ஸ், டாட்சன்னு ரெண்டு பேர் 1908லயே எலிய வச்சு இத சோதிச்சுப் பார்த்திருக்காங்க, சுலபமான வேலைய அழுத்தம் கூடக் கூட எலி சீக்கிரமா கத்துக்கிச்சு, கஷ்டமான வேலைன்னு வந்தப்போ நடுத்தரமான அழுத்தம்தான் எடுபட்டுச்சு, ரொம்பக் கூடினப்போ சொதப்பிடுச்சு. அதனால கொஞ்சம் படபடப்பு இருக்கறது நல்லதுக்குத்தான், அத முழுசா துடைச்சு எடுக்கணும்னு நினைக்கக் கூடாது.

இன்னொண்ணு, மேடைக்கு முன்னாடி "அமைதியா இரு அமைதியா இரு"ன்னு மனசுக்குள்ள சொன்னா எனக்கு இன்னும் ஜாஸ்திதான் ஆகும். "சூடு ஏறிடுச்சு, இறங்கலாம்"னு சொல்லிக்கிட்டா வேலை செய்யுது. இதையும் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, 2014ல ஆலிசன் வுட் புரூக்ஸ்னு ஒருத்தங்க, பதட்டத்த அடக்கப் பார்த்தவங்கள விட "நான் உற்சாகமா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டவங்க பாடுறது பேசுறது கணக்குப் போடறது மூணுலயும் நல்லா பண்ணாங்கன்னு.

ஆனா அரைத்தூக்கம், உங்க பதிவுல என்னை நிறுத்தினது ஒரு வரிதான், மீட்டிங் முடிஞ்சும் இறங்கலன்னு சொன்னீங்களே அது. எனக்கு கச்சேரி முடிஞ்சா முடிஞ்சுது. உங்களுக்கு முடியல. வாக்கிங் போனா சரியாயிடும்னு சொல்ற ரகம் இல்ல இது.

கிளினிக்ஜன்னல்:

நான் கிளினிக்கல் சைக்காலஜி படிச்சு அதே வேலைல இருக்கேன். இங்க உக்காந்து உங்களுக்கு இதுதான்னு பேர் வைக்க மாட்டேன், வைக்கவும் கூடாது, ஆனா நாங்க எப்படி யோசிப்போம்னு சொல்றேன்.

முதல்ல ஒரு குழப்பத்தத் தீர்த்துடலாம். நெஞ்சு எவ்ளோ வேகமா அடிக்குது, எவ்ளோ வேர்க்குதுங்கறத வச்சு ரெண்டையும் பிரிக்கவே முடியாது. மேடைப்பூனைக்கு வர்ற அட்ரினலின்தான் வியாதி உள்ளவங்களுக்கும் வருது, உடம்புக்கு ஒரே ஒரு பாட்டுதான் தெரியும். சொல்லப்போனா டிஸார்டர் இருக்கற நிறைய பேர் வெளிய பார்க்க ரொம்ப நிதானமா இருப்பாங்க, ஆபீஸ்ல நல்ல பேர் வேற இருக்கும், எல்லாத்தையும் மூணு தடவ செக் பண்றவங்களுக்கு நல்ல பேர் வராம வேற என்ன வரும்.

நாங்க பார்க்கறது வேற. பயம் எதுக்காக வந்துச்சோ அது போனதும் பயமும் போகுதா, இல்ல தங்கிடுதா. விஷயத்தோட சைஸ் என்ன, பயத்தோட சைஸ் என்ன. "போதும்"னு நீங்க நினைச்சா நிறுத்த முடியுதா. இதுல எனக்கு ரொம்ப உதவறது கவலை எங்க போய் முடியுதுங்கறது. சாதாரண கவலை ஒரு வேலைல போய் முடியும், ஸ்லைட் சரியில்லையோன்னு தோணும், திறந்து பார்ப்பீங்க, திருத்துவீங்க, மூடிடுவீங்க. மத்தது "ஒருவேளை இப்டி ஆச்சுன்னா, அப்போ அப்டி ஆச்சுன்னா"ன்னு போயிட்டே இருக்கும், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓடும், ஆனா கைல ஒரு முடிவும் நிக்காது. கேட்டா "நான் தயாரா இருக்கப் பாக்கறேன்"னு சொல்வாங்க. தயாரிப்பு நடக்கவே இல்லன்றதுதான் அதுல சோகம்.

எல்லாத்துக்கும் மேல நான் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, இதனால நீங்க எதையெல்லாம் செய்யாம விட்டிருக்கீங்க? இத யோசிச்சு எழுதிப் பாருங்க அரைத்தூக்கம், இங்க போட வேணாம், உங்களுக்காக.

புத்தகக் கணக்கும் சொல்லிடறேன், நிறைய பேர் தப்பா சொல்லிட்டுத் திரியறாங்க. மனநல வியாதிகள வரையறுக்கற டிஎஸ்எம்-5ங்கற அமெரிக்கக் கையேட்டுப்படி பொதுவான பதட்டக் கோளாறுன்னு சொல்லணும்னா பல விஷயங்களப் பத்தின அளவுக்கு மீறின கவலை, கட்டுப்படுத்த கஷ்டமா, குறைஞ்சது 6 மாசம், அதுல பாதி நாளுக்கு மேல இருக்கணும். கூடவே நிம்மதியில்லாம துறுதுறுன்னு இருக்கறது, சீக்கிரம் களைச்சுப் போறது, கவனம் நிக்காம போறது, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கோளாறு, இந்த 6ல 3ஆவது பெரியவங்களுக்கு இருக்கணும், குழந்தைங்கன்னா 1 போதும். அதோட இது வாழ்க்கையப் பாதிச்சிருக்கணும், வேற உடம்புப் பிரச்சினையாலயோ மருந்தாலயோ வந்ததா இருக்கக் கூடாது. இந்தக் கடைசி ரெண்டையும் ரீல்ஸ்ல வெட்டிட்டு மீதியப் போடறதாலதான் பார்க்கற எல்லாருக்கும் வியாதி வந்துடுது.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, 6 மாசம்ங்கறது பேர் வைக்கறதுக்கான கணக்கு, உதவி கேக்கறதுக்கான கணக்கு இல்ல. தூங்க முடியல, வேலைக்குப் போக முடியல, இல்ல வாழவே பிடிக்கலன்னு எண்ணம் எட்டிப் பார்க்குதுன்னா ஆறு நாள்கூட காத்திருக்கக் கூடாது. வேலை போச்சு, வீட்ல ஒருத்தர் சீரியஸா இருக்கார்ங்கற மாதிரி நேரத்துல கவலை நிறைய இருக்கறது இயல்பு, அத உடனே வியாதின்னு சொல்லிட மாட்டோம், ஆனா அப்பவும் வந்து பேசலாம், யாரும் சிரிக்க மாட்டாங்க.

ரிப்போர்ட்பாத்தியா:

உடம்புப் பிரச்சினைன்னு மேல ஒரு வார்த்தைல போயிட்டாங்க, அதக் கொஞ்சம் இழுத்து சொல்றேன். என் தங்கச்சிக்கு இதே கதை, படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்ல, எல்லாரும் டென்ஷன் டென்ஷன்னாங்க. நல்லா சாப்ட்டும் வெயிட் குறைஞ்சுட்டே வந்துச்சு, எல்லாருக்கும் குளிரும்போது இவளுக்கு வேர்க்கும். ரத்தத்துல டிஎஸ்ஹெச் (தைராய்டத் தூண்டற ஹார்மோன்) பார்த்தா தரையோட தரையா கிடந்துச்சு, அப்டின்னா தைராய்டு ஓவரா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதுக்கு மருந்து ஆரம்பிச்சதும் "டென்ஷன்" போயிடுச்சு. ரத்த சோகை, இதயத் துடிப்பு தாறுமாறா போறது, வீசிங்குக்கு அடிக்கிற சால்புடமால் இன்ஹேலர், சூடோஎஃபெட்ரின் இருக்கற சளி மாத்திரை, இதெல்லாமும் அச்சு அசலா அதே படபடப்பக் குடுக்கும். நாள் முழுக்க காபியா குடிச்சுட்டு நெஞ்சு அடிக்குதுன்னு சொல்றவங்களப் பத்தி நான் பேசவே போறதில்ல.

நேர்வழி:

நான் யாரையும் மட்டம் தட்டல. ஆனா நம்ம தாத்தா பாட்டிக்கெல்லாம் இது இருந்துச்சா? எல்லாம் இப்போ வந்த ஃபேஷன்தானே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு ஒரே வரில முடிச்சிருப்பாங்க.

பழையபேப்பர்:

அந்தப் பழமொழி இருக்கறதே அரண்டவங்க அப்பவும் இருந்ததாலதானே ப்ரோ 😄

ஃபேஷன்னு சொன்னதால ஒண்ணு சொல்றேன், ஹிப்போக்ரடிஸ் பேர்ல வர்ற பழைய கிரேக்க மருத்துவக் குறிப்புகள்ல நிக்கானோர்னு ஒரு ஆள் வர்றான். ராத்திரி விருந்துல ஒரு பொண்ணு புல்லாங்குழல் மாதிரி ஒரு வாத்தியத்த வாசிக்க ஆரம்பிச்சா போதும், ஆளுக்கு பயம் தாங்காது. அதையே பகல்ல கேட்டா ஒண்ணும் ஆகாது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்போ ரீல்ஸும் இல்ல, இஎம்ஐயும் இல்ல. பேருங்கதான் புதுசு, அதுவரைக்கும் ஆங்சைட்டி நியூரோசிஸ்னு ஒரே மூட்டையா இருந்தத 1980ல டிஎஸ்எம்-3தான் திடீர்னு பயம் உச்சத்துக்கு ஏறற பேனிக் தனி, பொதுவான பதட்டம் தனின்னு பிரிச்சுது. உலக சுகாதார நிறுவனக் கணக்குல 2019ல உலகம் முழுக்க 30 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு பதட்டக் கோளாறு இருந்திருக்கு, நாலுல ஒருத்தருக்குத்தான் சிகிச்சை கிடைக்குதுன்னும் அவங்களே சொல்றாங்க. மத்த மூணு பேரும் யாரோ ஒருத்தர் சொன்னதக் கேட்டு வாக்கிங் போயிட்டு இருப்பாங்கன்னு நினைக்கறேன்.

அதுக்காக நேர்வழி சொல்றது முழுக்க தப்புன்னு சொல்ல மாட்டேன். பரீட்சைக்கு முன்னாடி கை நடுங்கினா "மை ஆங்சைட்டி"ன்னு ஸ்டேட்டஸ் போடறதால நிஜமா கஷ்டப்படறவன் சொல்லும்போதும் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

லிஃப்ட்வேணாம்:

என் பேரப் பார்த்தாலே கதை புரிஞ்சிருக்கும். எனக்கு வந்தது அரைத்தூக்கத்துக்கு வர்ற மாதிரி மெதுவா நாள் முழுக்க ஓடறது இல்ல, திடீர்னு வர்ற ரகம். லிஃப்ட்ல போயிட்டு இருந்தேன், எந்தக் காரணமும் இல்ல, நெஞ்ச யாரோ அழுத்தின மாதிரி, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், சத்தியமா செத்துட்டேன்னே நினைச்சேன். எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போனாங்க, ஈசிஜி எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, எல்லாம் நார்மல். நார்மல்னு சொன்னா சந்தோஷப்படணும், எனக்கு கோவம்தான் வந்துச்சு, அப்போ நான் என்ன நடிச்சேனான்னு.

அப்புறம்தான் ஒரு நல்ல டாக்டர் பொறுமையா விளக்கினார். பேனிக் அட்டாக் கிடுகிடுன்னு ஏறி சில நிமிஷத்துல உச்சத்துக்குப் போயிடும், அப்புறம் இறங்கும். விரல் மரத்துப்போறது எதனாலன்னா பயத்துல வேக வேகமா மூச்சு விடறோம், ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையுது, அதனால சுருசுருன்னு இருக்கு. இது தெரிஞ்சதுமே எனக்கு பாதி பயம் போச்சு. அவர் சொன்னதுல இன்னொண்ணு, ஒரு தடவ அட்டாக் வர்றது நிறைய பேருக்கு வாழ்க்கைல எப்பவாவது நடக்கும், அது டிஸார்டர் இல்ல. அட்டாக் திரும்பத் திரும்ப எதிர்பாராம வந்து, அதுக்கப்புறம் அடுத்தது எப்போ வருமோன்னே ஒரு மாசத்துக்கு மேல பயந்துட்டு இருக்கறோம், இல்ல அதுக்கேத்த மாதிரி வாழ்க்கைய மாத்திக்கறோம் பாருங்க, அப்போதான் அது பேனிக் டிஸார்டர்.

நான் மாத்திக்கிட்டேன். முதல்ல லிஃப்ட விட்டேன், படி ஏறினா உடம்புக்கு நல்லதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன். அப்புறம் கூட்டமான பஸ், அப்புறம் தியேட்டர், அப்புறம் தனியா எங்க போறதும். ஒவ்வொண்ணையும் விடும்போது அன்னைக்கு அப்பாடான்னு இருக்கும், அதுதான் ஏமாத்து வேலை. தவிர்க்கிறது கந்துவட்டிக்கு கடன் வாங்கற மாதிரிங்க, வாங்கற அன்னைக்கு நிம்மதி, வட்டி மட்டும் ஏறிட்டே போகும், அசல் அப்டியே நிக்கும். சிபிடின்னு பேச்சு சிகிச்சைக்குப் போனேன், ஒரே வாரத்துல மேஜிக் எல்லாம் நடக்கல, தெரபிஸ்ட் கூட வந்து லிஃப்ட் வாசல்ல நிக்கறதுலேருந்து ஆரம்பிச்சோம், ஒரு மாடி, ரெண்டு மாடின்னு. இப்போ போறேன். பிடிச்சு ஒண்ணும் போகல, ஆனா போறேன்.

ஒரு எச்சரிக்கை, இதப் படிச்சுட்டு நெஞ்சு வலிச்சா பேனிக்தான்னு வீட்டுலயே படுத்துடாதீங்க. முதல் தடவ வந்தாலோ, வழக்கமா வர்றதுலேருந்து வேற மாதிரி இருந்தாலோ ஹாஸ்பிடல் போய் இதயத்தப் பார்த்துடுங்க. நீங்களே முடிவு பண்ற விஷயம் இல்ல அது.

அரைத்தூக்கம்:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. கிளினிக்ஜன்னல் கேட்ட அந்தக் கேள்விக்கு எழுதிப் பார்த்தேன், எதுவும் விடலையேன்னுதான் ஆரம்பிச்சேன், எழுத எழுத நீண்டுட்டே போகுது. டீம் லீடுக்கு அப்ளை பண்ணச் சொன்னாங்க, டைம் இல்லன்னு சொல்லிட்டேன். கார் ஓட்டறத விட்டுட்டேன். பேங்க், இன்சூரன்ஸ் கால் எல்லாம் வீட்டுக்காரர்தான் பேசறார். வீடியோ கால்ல கேமரா எப்பவும் ஆஃப். அம்மாவுக்கு நாள்ல நாலஞ்சு தடவ ஃபோன், பாசத்துல பண்றேன்னு நினைச்சுட்டு இருந்தேன், இப்போ யோசிச்சா பாதி கால் உயிரோட இருக்காங்களான்னு பார்க்கத்தான். எழுதி முடிச்சுட்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

ஜிஏடி-7னு ஒரு டெஸ்ட் போட்டுப் பார்த்தேன், 10க்கு மேல வந்துச்சு. அப்போ கன்ஃபர்மா? கூட வேலை பார்க்கற ஒருத்தங்க அல்ப்ரஸோலம்னு ஒரு பதட்ட மாத்திரை குடுத்து "பாதி போட்டுக்கோ, ஜிவ்வுனு தூக்கம் வரும்"னாங்க, இன்னும் போடல. மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதுன்னும் சொல்றாங்க. டாக்டர்கிட்ட போனா என்னன்னு சொல்லி ஆரம்பிக்கறது?

கிளினிக்ஜன்னல்:

நல்லவேளை, போடல. திருப்பிக் குடுத்துடுங்க.

ஜிஏடி-7 2006ல வந்த ஒரு 7 கேள்வித் தாள், கடைசி 2 வாரத்தப் பத்திதான் கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் 0லேருந்து 3 வரைக்கும், மொத்தம் 21. 5, 10, 15னு வச்சு லேசானது, நடுத்தரம், கடுமையானதுன்னு பிரிப்பாங்க. 10க்கு மேலன்னா "இவங்கள உக்கார வச்சு விவரமா பாருங்க"ன்னு அர்த்தம், கன்ஃபர்ம்னு அர்த்தம் இல்ல. ஆபீஸ்ல ஆடிட் நடக்கற வாரத்துல போட்டா யாருக்கும் ஏறும். உங்க விஷயத்துல ஸ்கோர விட அந்த லிஸ்ட்தான் எனக்குப் பெருசாப் படுது, அத அப்டியே கொண்டு போங்க. அம்மாவுக்குப் பண்ற ஃபோனையும் அதுல சேர்த்தீங்க பாருங்க, சரியாப் பிடிச்சீங்க. உறுதி கேட்டுட்டே இருக்கறதும் தவிர்க்கிறதும் ஒரே ரகம், அப்போதைக்கு அடங்கும், அப்புறம் இன்னொரு தடவ கேக்கச் சொல்லும்.

மாத்திரை பத்தி, நான் எழுதிக் குடுக்கற ஆள் இல்ல, சைக்கியாட்ரிஸ்ட்தான் முடிவு பண்ணணும், பொதுவா தெரிஞ்சத மட்டும் சொல்றேன். அல்ப்ரஸோலம் சீக்கிரம் வேலை செய்யும், அதனாலயே பழகிடும், தொடர்ந்து போட்டுட்டு திடீர்னு நிறுத்தினா ஆபத்து, எல்லாரும் பயப்படற அந்த "விட முடியாது" கதையெல்லாம் பெரும்பாலும் இதுலேருந்து வந்ததுதான். பதட்டக் கோளாறுக்கு வழக்கமா முதல்ல குடுக்கறது எஸ்சிடலோப்ராம், செர்ட்ரலின் மாதிரி எஸ்எஸ்ஆர்ஐ வகை, அது உடனே ஒண்ணும் பண்ணாது, சில வாரம் எடுக்கும், ஆரம்பத்துல சிலருக்கு படபடப்பு கூடற மாதிரிகூட இருக்கும், அங்கதான் நிறைய பேர் பயந்து நிறுத்திடறாங்க. முன்கூட்டியே தெரிஞ்சா தாங்கிடலாம். அதையும் நிறுத்தும்போது டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாங்க. மாத்திரை வேணாம்னா சிபிடி மட்டும் எடுக்கலாம், அதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு, ரெண்டும் சேர்த்தும் எடுக்கலாம்.

மேடைப்பூனை:

நடுவுல ஒரு சந்தேகம், மேடைக்கு முன்னாடி ப்ரோப்ரனலால்னு ஒரு மாத்திரை போடறவங்க இருக்காங்களே, அது?

கிளினிக்ஜன்னல்:

அது கை நடுக்கம், நெஞ்சடிப்பு மாதிரி உடம்புல தெரியறத அடக்கும், மேடை மாதிரி ஒரு சமயத்துக்கு சிலருக்கு டாக்டர்கள் குடுக்கறதுண்டு. நாள் முழுக்க ஓடற கவலைக்கு அது மருந்து இல்ல. ஆஸ்துமா இருந்தா தொடவே கூடாது. அதனால அதையும் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட வாங்காதீங்க.

லிஃப்ட்வேணாம்:

டாக்டர்கிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேட்டாங்களே அதுக்கு. உள்ள போனதும் எல்லாம் மறந்துடும், "கொஞ்சம் டென்ஷன் டாக்டர்"னு சொல்லிட்டு வந்துடுவோம், அவங்களும் ஒரு சத்து மாத்திரை எழுதிடுவாங்க. அதனால ஃபோன்ல நோட்ஸா போட்டு அதப் பார்த்து படிங்க, வெக்கப்படாதீங்க. எப்போலேருந்து, வாரத்துல எத்தன நாள், தூக்கம் எப்படி, எதையெல்லாம் விட்டிருக்கீங்க, என்னென்ன மாத்திரை போடறீங்க, காபி எவ்ளோ, வீட்ல வேற யாருக்காவது இப்டி இருந்திருக்கா. தைராய்டு பார்க்கணுமான்னு நீங்களே கேளுங்க. "யோசிக்காதீங்கம்மா"ன்னு மட்டும் சொல்லி அனுப்பிச்சா வேற டாக்டரப் பாருங்க, அதுக்காக முயற்சிய விட்டுடாதீங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, பல்லக் கடிக்கறதப் பத்தி அவர்தான் சொல்ல முடியும்.

நேர்வழி:

சிஸ், அந்த லிஸ்ட்டப் படிச்சேன். வாக்கிங்னு சொன்னத வாபஸ் வாங்கல, அது எல்லாருக்கும் நல்லதுதான், ஆனா டாக்டரையும் பார்த்துடுங்க.

அரைத்தூக்கம்:

சரி 🙂 வியாழக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு. ஃபோன் பண்ணி நானேதான் கேட்டேன், அவர் பேசல. டிஎஸ்ஹெச் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல போகணுமான்னு மட்டும் யாராவது சொல்லுங்க.

ரிப்போர்ட்பாத்தியா:

பொதுவா தேவையில்ல. கூட சுகர், கொலஸ்ட்ரால் எதுவும் எழுதியிருந்தா லேப்ல கேட்டுக்கோங்க. முடிக்கு, நகத்துக்குன்னு பயோட்டின் மாத்திரை ஏதாவது போடறீங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க, அது தைராய்டு ரிப்போர்ட்ட தப்பாக் காட்டும்.